கடிகாரத்தின் கீழே ஒரு வீதி

மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் இளைஞன், பல அடுக்கு மாளிகை ஒன்றின் வெளிச்சுவரில் பதித்திருக்கும் பெரிய கடிகாரத்தின் முள்ளைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறான். அவனுடைய பாரம் தாங்காமல் கடிகாரத்தின் முகமே சுவரைவிட்டுப் பெயர்ந்து முன்னால் சாய்கிறது. கீழே, வெகு ஆழத்தில், மோட்டார் வண்டிகளும் டிராம் வண்டிகளும் எறும்புச் சாரைபோல ஊர்ந்து செல்கின்றன. நேயர்களில் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். படத்தைப் பாராதவர்களும் இதன் புகைப்படத்தை எங்கேனும் ஓரிடத்தில் பார்த்திருப்பார்கள். ஹாரல்ட் லாயிட் என்னும் அமெரிக்க விகட நடிகர் நடித்து, 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சேப்டி லாஸ்ட்' என்ற ஊமைப்படத்தில் வருவது இது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு குழந்தைகள் தினத்தன்று இப்படத்தைத் திரையிட்டோம். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். படம் முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கீழே வண்டி ஓடுகிறதே, அந்தத் தெரு நிஜமா?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்காமல், "எல்லாம் தந்திரக் காட்சி, தம்பி. திரையில் தீட்டிய சித்திரம். அந்த மனிதர் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில்தான் தொங்கியிருப்பார்" என்று விடை பகர்ந்தேன். அவன் "சரி ஐயா" என்று உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் திருப்தியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்த முகக்குறி நன்கு தெரியும். விடை கிடைத்த பிள்ளையின் முகம் ஒருவிதம். வாய் அடைக்கப்பட்ட பிள்ளையின் முகம் வேறுவிதம்.

நான் சொன்னது தவறு என்பதைப் பணி ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன். கீழே ஓடிய வீதி உண்மையான வீதிதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் பிராட்வே என்னும் பெருந்தெரு அது. வண்டிகளும் உண்மை. நடைபாதையில் புள்ளிகளாகத் தோன்றும் மனிதர்களும், அன்று தத்தம் அலுவலைப் பார்க்கப் புறப்பட்ட உண்மை மனிதர்களே.

இதை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மரத்தாலும் சாந்தாலும் இரண்டு மூன்று மாடி உயரத்துக்குப் போலிச் சுவர் ஒன்றை எழுப்பினார்கள். கடிகாரம் பொருத்தப்பட்டது அந்தச் சுவரில்தான். காமிராவை அதற்கெனக் கட்டிய மேடையின் மீது ஏற்றி, மொட்டை மாடியின் தளம் கண்ணில் படாதவாறும், அதன் விளிம்புக்கு அப்பாலுள்ள வீதி மட்டும் கண்ணில் படுமாறும் கோணம் பார்த்து நிறுத்தினார்கள். நடிகருக்குக் கீழே, காமிராவின் பார்வைக்கு எட்டாமல், மெத்தை பரப்பிய ஒரு பலகைத் தளம் இருந்தது. ஆபத்து இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சோதனைக்காக ஒரு பொம்மையை அந்த மெத்தையின் மீது போட்டுப் பார்த்தபோது, அது துள்ளி விளிம்பைத் தாண்டித் தெருவில் போய் விழுந்ததாக லாயிட் பிற்காலத்தில் சொன்னதுண்டு. போதாக்குறைக்கு, 1919-இல் நேர்ந்த ஒரு வெடிவிபத்தில் அவர் வலக்கையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்திருந்தார். உறை மாட்டி மறைத்த அந்தக் கையோடுதான் கடிகார முள்ளில் தொங்கினார்.

கதாநாயகன் மேலே மேலே ஏறுவதாகக் காட்ட வேண்டுமல்லவா? அதற்காக, வெவ்வேறு உயரமுள்ள வெவ்வேறு கட்டடங்களின் கூரைகளில் போலிச் சுவர்களை அமைத்தார்கள். ஆகவே, மனிதன் ஒரே மாளிகையில் ஏறிக்கொண்டிருக்க, அந்த மாளிகையோ ஊருக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது! தொலைவிலிருந்து முழு மாளிகையையும் காட்டும் காட்சிகளில் தெரிவது, டெம்பிள் தெருவும் ஸ்பிரிங் தெருவும் கூடும் முனையில் இருந்த இன்டர்நேஷனல் பாங்கு கட்டடம். அக்காட்சிகளில் ஏறுபவரும் லாயிட் அல்லர். சுவரேறுவதையே தொழிலாகக் கொண்ட பில் ஸ்ட்ரோதர் என்பவர் அவருக்குப் பதிலாக ஏறினார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸின் பிராக்மன் கட்டடத்தில் ஏறியதை வேடிக்கை பார்த்த பின்னரே லாயிட்டுக்கு இப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றிற்று. கடிகாரக் காட்சி எடுக்கப்பட்டதோ, அங்கிருந்து தெற்கே பல வீதிகள் தள்ளி, பிராட்வேயில் 908-ஆம் இலக்கமுள்ள கட்டடத்தின் கூரையில்.

சிரித்துக்கொண்டே பார்க்கும் நமக்கு இவை எதுவும் தெரிவதில்லை. பிறகு எப்படித் தெரிந்தது? இதனை ஒரு வேள்விபோலச் செய்து முடித்தவர் ஜான் பெங்ட்சன் என்னும் அமெரிக்கர். தொழிலால் அவர் வழக்கறிஞர். சாட்சியங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கும் வழக்கறிஞரின் பழக்கம் அவருக்கு இங்கே கைகொடுத்தது போலும். பஸ்டர் கீட்டனின் படங்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டிலும், சார்லி சாப்ளினின் படங்களைப் பற்றி 2006-லும், லாயிட்டின் படங்களைப் பற்றி 2011-லுமாக மூன்று நூல்களை அவர் வெளியிட்டார். படத்தில் ஓர் இமைப்பொழுது தோன்றி மறையும் தெருவை, அதே கோணத்தில் எடுத்த பழைய புகைப்படத்தோடும் இன்றைய புகைப்படத்தோடும் அருகருகே வைத்துக் காட்டுவது அவர் முறை. படம் ஓடும்போது பார்த்தால் ஒன்றும் புலப்படாது. நிறுத்தி நிறுத்தி, சட்டம் சட்டமாகப் பார்க்க வேண்டும்.

இவ்வாராய்ச்சியில் பெருந்துணை புரிபவை பழைய நாடகக் கொட்டகைகளும் சினிமாக் கொட்டகைகளுமே. அதற்குக் காரணம் உண்டு. செங்கல் மாளிகைகள் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கொட்டகையோ தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும். உச்சியில் பெயர்ப்பலகை, நெற்றியில் மின்விளக்கு வரிசை, வாயிலில் அன்றைய ஆட்டத்தின் விளம்பரம் என்று மூன்று சாட்சிகள் அதனிடம் இருக்கின்றன. பெயர் இடத்தைச் சொல்லும். விளம்பரம் காலத்தைச் சொல்லும். ஆட்டங்கள் அடிக்கடி மாறிய காலம் அது. பலகையில் உள்ள படத்தின் பெயரைப் படிக்க முடிந்தால், அக்கால நாளிதழ்களின் விளம்பரப் பக்கத்தைப் புரட்டி, அந்தக் காட்சி இன்ன வாரத்தில் எடுக்கப்பட்டது என்றே சொல்லிவிடலாம். பஞ்சாங்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்ததற்கு ஒப்பானது இது.

கடிகாரக் காட்சியின் வீதியையே எடுத்துக்கொள்வோம். பிராட்வேயில் ஒற்றைப்படை இலக்கங்கள் மேற்குப் பக்கம். இரட்டைப்படை இலக்கங்கள் கிழக்குப் பக்கம். லாயிட் தொங்கிய 908 கிழக்கே இருந்தது. எனவே எதிர்வாடையில், சற்று வடக்கே காண்பது 845-ஆம் இலக்கத்தில் இருந்த மெஜஸ்டிக் நாடகக் கொட்டகை. 1908-இல் திறந்து 1933-இல் இடிக்கப்பட்டது அது. அதற்கும் வடக்கே, 833-இல், டாலி என்பவரின் பிராட்வே கொட்டகை. அதுவும் அடுத்துள்ள பெருங்கடை விரிவடைவதற்காக 1929-இல் தரைமட்டமாக்கப்பட்டது. அந்தப் பெருங்கடை எட்டாம் வீதி முனையில் இருந்த ஹாம்பர்கர் கடை. பிற்காலத்தில் மே கம்பெனி என்று பெயர் மாறியது. கொட்டகைகள் இரண்டும் சேர்ந்தாற்போல் நிற்கின்றன என்றால், காட்சி 1929-க்கு முற்பட்டது என்று படத்தின் தேதியை அறியாதவரும் துணிந்து கூறலாம்.

இந்த டாலிதான் 1902-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் மெயின் தெருவில் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்ற பெயரில், சினிமாவுக்கென்றே ஒரு கொட்டகையைத் தொடங்கியவர். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் ஏற்பட்ட கொட்டகைக்கும் அதே பெயர்தான் வாய்த்தது. மின்சாரம் என்ற சொல்லே அன்று கூட்டத்தைக் கூட்டப் போதுமானதாக இருந்தது போலும். சென்னைக் கொட்டகையின் கட்டடம் அஞ்சல் துறையின் தபால்தலை நிலையமாகத் தப்பிப் பிழைத்தது.

கொட்டகை கண்ணில் படாத இடங்களில் வேறு வழிகளைத் தேட வேண்டும். தீக்காப்புக் கம்பெனிகளுக்காக சான்பார்ன் என்ற நிறுவனம் அமெரிக்க நகரங்களுக்கெல்லாம் வரைந்த படங்கள் இவ்வகையில் ஒரு பெரும் புதையல். ஐம்பது அடியை ஓர் அங்குலமாகக் கொண்டு, வீடு வீடாக அளந்து வரைந்தவை அவை. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரவீட்டுக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். எந்த வீடு எளிதில் தீப்பற்றும் என்று கணக்கிட எழுந்த படம், எந்த மூலையில் பஸ்டர் கீட்டன் போலீஸாரிடமிருந்து தப்பி ஓடினார் என்று கண்டறிய நூறாண்டுக்குப் பின் பயன்படுவதை வரைந்தவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். இவற்றோடு தெருக்களின் சரிவு, டிராம் பாதையின் வளைவு, சுவரில் விழும் நிழலின் திசை ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நிழல் பொய் சொல்லாது. வடக்கு நோக்கிய சுவரில் நண்பகல் வெயில் அடிப்பதாக ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸை அடையாளம் காட்டினால், அவர் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

இன்னொரு குறிப்பும் உண்டு. அந்நகரில் 150 அடிக்கு மேல் கட்டடம் கட்டலாகாது என்ற விதி 1950-களின் பிற்பகுதி வரை நடப்பில் இருந்தது. நகர மண்டபத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். 454 அடி உயரமுள்ள அந்த மண்டபம் 1928-இல் திறக்கப்பட்டது. அதன் வெண்கோபுரம் வானில் தெரிந்தால் படம் பிந்தியது; தெரிய வேண்டிய திசையில் தெரியாவிட்டால் முந்தியது. வரலாற்று மாணவர்களுக்குக் கல்வெட்டின் எழுத்தமைதி எப்படியோ, அப்படியே இந்தக் கோபுரம்.

விகடப் படங்களில்தான் வீதி இவ்வளவு மிகுதியாகக் காணக் கிடைக்கிறது. மாளிகைகளில் நடக்கும் காதல் கதைகளுக்கும் சரித்திரக் கதைகளுக்கும் ஸ்டூடியோவுக்குள் அரங்கம் அமைத்தார்கள். விகடத்துக்கோ ஓட வேண்டும், துரத்த வேண்டும், வண்டிமீது தாவ வேண்டும். பட்டணத்தையே அரங்கமாகக் கொண்டால் செலவும் மிச்சம். வெயிலுக்கும் குறைவில்லாத ஊர் அது. அனைத்துக்கும் மேலாக, ஒலிப்பதிவு அப்போது இல்லை. டிராம் மணி அடித்தாலும், வேடிக்கை பார்ப்பவன் கூச்சலிட்டாலும் படத்துக்கு ஊறு நேராது. 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தது. ஓசை புகாத அறைக்குள் காமிராவை அடைத்தார்கள். அத்துடன் பல ஆண்டுகளுக்கு விகட நடிகர்கள் தெருவைவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தெருவும் படத்தைவிட்டு வெளியே போய்விட்டது.

ஹாலிவுட்டில் கஹுவெங்கா வீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு சந்து உண்டு. ஹாலிவுட் பெருவீதிக்குச் சற்றுத் தெற்கே அமைந்தது. சாப்ளினின் 'கிட்' 1921-இல் வந்தது. கீட்டனின் 'காப்ஸ்' 1922-இல். லாயிட்டின் 'சேப்டி லாஸ்ட்' 1923-இல். மூன்று படங்களிலும் அந்த ஒரே சந்தில் எடுத்த காட்சிகள் இருக்கின்றன. 'காப்ஸ்' படத்தில், விரைந்து செல்லும் மோட்டாரை ஒற்றைக் கையால் பிடித்து, கொடிபோலக் காற்றில் பறந்து செல்வாரே கீட்டன், அது அந்தச் சந்தின் வாயிலில் நிகழ்ந்தது. மூன்று பேரும் உலகப் புகழ் பெற்றவர்கள். அவர்களுடைய படங்களைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். ஆயினும் மூவரும் கால் வைத்த இடம் ஒன்றே என்பதை எடுத்துச் சொல்ல பெங்ட்சன் வர வேண்டியிருந்தது. எல்லோரும் ஆளைப் பார்த்தோம். ஆளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தவர் யார்?

சுவரைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நகரம் தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளும்போது முகப்பையே காட்டும். நகர மண்டபம், பாங்கு, பூங்கா, பெரிய ஓட்டல் ஆகியவற்றுக்குப் பட அட்டைகள் எத்தனையோ உண்டு. புழக்கடையை யார் படம் எடுப்பார்கள்? குப்பைத்தொட்டி, துணி காயும் கயிறு, உடைந்த மரப்படி, ஏழைகள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் பின்வாயில் ஆகியவற்றைத் தேடிப் போனவன் விகட நடிகன் ஒருவனே. அவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டியிருந்தது! லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய சீனர் குடியிருப்பு, 1939-இல் திறக்கப்பட்ட பெரிய ரயில் நிலையத்துக்கு இடம் விடுவதற்காக இடிக்கப்பட்டது. பங்கர் குன்றின் மேல் நெருங்கியிருந்த மரவீடுகள் 1950-களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. குன்றின் உச்சியே மழிக்கப்பட்டது. லாயிட் தம் முந்தைய உயரச் சாகசப் படங்களை எடுத்த ஹில் தெருச் சுரங்கப்பாதையும் மேலிருந்த மேட்டோடு 1950-களில் போயிற்று. அங்கே வாழ்ந்தவர்களின் தெருவும் படிக்கட்டும் அசையும் சித்திரமாகக் காணக் கிடைக்குமானால், அது பெரும்பாலும் யாரோ ஒருவர் வழுக்கி விழும் காட்சியின் பின்னணியில்தான்.

நியூயார்க்குக்கும் இக்கதை பொருந்தும். 1928-இல் வந்த லாயிட்டின் 'ஸ்பீடி' பெரும்பகுதி அங்கே எடுக்கப்பட்டது. பேஸ்பால் வீரர் பேப் ரூத் அதில் தாமாகவே தோன்றுகிறார். கோனி ஐலண்டின் லூனா பார்க் அதில் ஒளிர்கிறது. 1944-இல் அது தீக்கிரையாயிற்று. பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கல்தூண்கள் தெரிகின்றன. 1963-இல் அவற்றை இடிக்கத் தொடங்கினார்கள். 1923-இல் கட்டிய யாங்கி விளையாட்டரங்கமும் 2010-க்குள் இல்லாமற்போயிற்று. அப்படத்தில் குதிரை பூட்டிய டிராம் வண்டி, மேம்பால ரயிலின் தூணில் மோதிச் சிதறும் இடம் ஒன்று வரும். அது திட்டமிட்ட காட்சியன்று. படப்பிடிப்பில் நேர்ந்த விபத்து. அதையும் கதையில் இணைத்துவிட்டார்கள். ஆனால் எச்சரிக்கை வேண்டும்: அதே படத்தில் நியூயார்க் என்று சொல்லிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வீதிகளும் இடையிடையே வருகின்றன. துரத்தும் காட்சியில் ஒரு மூலை திரும்பினால் மூவாயிரம் மைல் கடந்துவிடும். ஆதலால் ஒரு துண்டுக் காட்சியை அடையாளம் கண்டுவிட்டோம் என்பதற்காக அடுத்ததையும் அதே ஊர் என்று எழுதிவிடலாகாது. இரண்டு சாட்சிகளாவது ஒத்து வர வேண்டும்.

வீதி போய்ப் படம் மிஞ்சியதைச் சொன்னேன். மறுதலையும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் சில்வர் லேக் பகுதியில் 133 படிகள் கொண்ட ஒரு நெடும் படிக்கட்டு இருக்கிறது. லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவைச் சுமந்து அதன்மீது ஏறிய 'மியூசிக் பாக்ஸ்' என்ற 1932-ஆம் ஆண்டுப் பேசும் படம் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1927-இல், அதே இருவர் அதே படிகளில் ஒரு துணி வெளுக்கும் இயந்திரத்தைச் சுமந்து ஏறும் 'ஹாட்ஸ் ஆஃப்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார்கள். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. படிக்கட்டு மட்டும் அசையாமல் கிடக்கிறது.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களில், முதலில் வெளிவந்த வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கு மட்டுமே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அக்காலப் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. தீக்குத் தப்பினாலும் தானே மக்கிப்போவது. லாயிட் தம் படங்களைத் தம் மாளிகையிலேயே பெட்டகம் கட்டிக் காத்தவர். அதிலும் 1943-இல் தீப்பிடித்து, தொடக்கக் காலப் படங்கள் பல அழிந்தன. நம் நிலை இன்னும் பரிதாபத்துக்குரியது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் முழுநீள ஊமைப்படம். அதன் ஓர் அடி பிலிம்கூட எஞ்சவில்லை. அக்காலச் சென்னை வீதி எதுவும் அவருடைய காமிராவில் விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் இப்போது வளர்ந்து எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறானோ, அறியேன். வானொலி கேட்கும் வழக்கம் அவனுக்கு இருந்து, இந்தப் பேச்சு அவன் காதில் விழுமானால், அன்று நான் கூறிய விடையை அவன் அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். தம்பி, தெரு நிஜம். பெயர் பிராட்வே. எதிர்வாடையில் நிற்கும் கொட்டகைக்கு மெஜஸ்டிக் என்று பெயர். நீ பார்த்தபோது அது இடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.